பணத்தைக் கட்டாத யாப்பு

உயர்தர வகுப்பொன்றிலே அரசியல் யாப்பினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாராளுமன்ற உறுப்பினராவதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற வினா எழுந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 90ஆம் உறுப்புரையை எடுத்துக் கூறினேன். வாக்களிக்கத் தகுதியுடைய எவரும், சட்டம் குறிப்பிடும் தகுதியீனங்கள் இல்லாதவிடத்து, தெரிவுசெய்யப்படவும் தகுதியுடையவரே என்பது அதன் சாரம். தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகனான மாணவன் எழுந்து, “அப்படீன்னா எங்கப்பாவும் நிக்கலாம் தானே சேர்? செலவுக்கு யாரு குடுக்கிறது?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு யாப்பின் எந்த உறுப்புரையிலும் விடை இல்லை.

யாத்தல் என்றால் கட்டுதல் என்பது தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. அரசியல் யாப்பு எனப்படுவதும் அதிகாரத்தைக் கட்டுவதற்காக ஆக்கப்பட்டதே. நமது யாப்பு சனாதிபதியைக் கட்ட முனைகிறது, பாராளுமன்றத்தைக் கட்டுகிறது, நீதிபதிகளையும் அரச ஊழியரையும் கட்டுகிறது. ஆயின், இவர்கள் அனைவரையும் ஆட்டிவைக்க வல்ல பணத்தை மட்டும் அது கட்டவில்லை. இக்குறை தற்செயலானதன்று என்பதும், சாதாரண சட்டமொன்றினால் மட்டும் நிரப்பத்தக்கதன்று என்பதும், அதனை யாப்பிலேயே எழுதுவதற்கான வேளை இதுவே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்குவோம். 1931க்கு முன்னர் இந்நாட்டிலே வாக்குரிமை கல்வியும் சொத்தும் வருமானமும் உடைய கனவான்களின் உடைமையாக இருந்தது. சனத்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாக்காளராயிருந்தனர். டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்தபோது அதனைக் கண்டு அஞ்சியவருள் நம்மவரான சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அவ்வச்சத்தையும் மீறி 1931இலே உரிமை வந்தது. மலையகத் தமிழருக்கோ அது முழுமையாகவும் வரவில்லை, நிலைக்கவுமில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் றிருத்தச் சட்டமும் அம்மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்தே துடைத்தெறிந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. கேள்வி கேட்ட மாணவனின் பாட்டனார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வாக்கில்லாமற் கழித்த தலைமுறையைச் சேர்ந்தவர். இத்தனை விலை கொடுத்துப் பெற்ற உரிமை, வாக்களிக்கும் உரிமையோடு நின்றுவிடுகிறது. தெரிவாகும் உரிமை ஏட்டிலே இருக்கிறது. 1931இலே முன்வாசலால் வெளியேற்றப்பட்ட சொத்துத் தகுதி, தேர்தற் செலவு என்ற பெயரில் பின்வாசலால் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னர் அது வாக்காளரைத் தடுத்தது. இன்று அபேட்சகரைத் தடுக்கிறது.

இது எப்போதும் இவ்வாறே இருந்ததா? இல்லை. 1946ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1883ஆம் ஆண்டுச் சட்ட மரபைப் பின்பற்றி, அபேட்சகரின் செலவுக்கு எல்லை வகுத்தது. கணக்குக் காட்டுமாறு பணித்தது. அக்காலத் தேர்தல்களிலே ஊழல் இல்லையென்று எவரும் கூறார். ஆனால் தேர்தல் மனுவுக்குப் பெரிய மனிதரும் அஞ்சினர். கண்டித் தொகுதியே அதற்குச் சான்று. 1947இல் வெற்றிபெற்று அமைச்சராயிருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா தேர்தல் மனுவினால் ஆசனமிழந்தார். 1948 இடைத்தேர்தலில் வென்ற தொழிற்சங்கவாதி டி. பி. இலங்கரத்னவும் மனுவினாலேயே ஆசனமிழக்க, 1949இல் அவர் மனைவி தமரா குமாரி மக்களிடஞ் சென்று வெற்றி பெற்றார். வலதென்றும் இடதென்றும் பாராது சட்டம் பாய்ந்த காலம் அது.

1978இன் யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. அதனையொட்டி 1981இல் இயற்றப்பட்ட சனாதிபதித் தேர்தற் சட்டமும் பாராளுமன்றத் தேர்தற் சட்டமும் செலவின் எல்லையைக் கைவிட்டன. திறந்த பொருளாதாரம் என்ற முழக்கத்தோடு சந்தைக் கதவுகள் திறக்கப்பட்ட காலத்திலேயே தேர்தலின் கதவும் பணத்துக்குத் திறந்துவிடப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. 1982இன் சர்வசன வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1977க்குப் பின் அடுத்த பொதுத்தேர்தல் 1989இலேதான் நடைபெற்றது. அத்தேர்தலில் விருப்பு வாக்கு முறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

விருப்பு வாக்கு என்ன செய்தது என்பதை நமது கண்டி மாவட்டத்தை வைத்தே விளக்கலாம். 13 தொகுதிகள், 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர், 12 ஆசனங்கள், ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் 15 பேர். முன்பு ஒரு தொகுதியை நடந்தே சுற்றி வந்த அபேட்சகர், இன்று உடுதும்பறை மலையடிவாரத்திலிருந்து நாவலப்பிட்டி வரை தம் பெயரையும் இலக்கத்தையும் கொண்டு செல்ல வேண்டும். எதிர்க்கட்சியோடு போராடுவதற்கு முன் தம் பட்டியலிலுள்ள பதினால்வரோடு போராட வேண்டும். கொள்கையினால் அவர்களோடு வேறுபட இயலாது; ஆதலின் சுவரொட்டியின் அளவினாலும் வாகனங்களின் எண்ணிக்கையினாலும் வேறுபடுகிறார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரையுள்ள சுவர்களெல்லாம் அவர் முகத்தைத் தாங்குகின்றன. லயங்களுக்குக் கூரைத் தகரம் வருகிறது. சோற்றுப் பொதியும் சாராயப் போத்தலும் வருகின்றன. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? கொடுப்போர் தருமவான்களா? வணிகர் விதைப்பது அறுப்பதற்காகவே. ஒப்பந்தம், அனுமதிப்பத்திரம், வரிச்சலுகை, காணிக் குத்தகை ஆகியனவே அவ்விளைச்சல். அறுவடையின் சுமையைத் தாங்குபவர், பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் மறைமுக வரி செலுத்தும் ஏழை மக்கள்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் இதற்கு முடிவுகட்டிவிட்டதென்று சிலர் கூறுவர். அச்சட்டம் வந்தது நல்லதே. வெளிநாட்டுப் பணத்தையும் பெயர் மறைத்த நன்கொடையையும் அது தடுக்கிறது. முடிவு வெளியாகி 21 நாளுள் கணக்குக் காட்டுமாறு கேட்கிறது. ஆனால் அது பிறந்த வேளையை நினைவுகூருங்கள். சனவரியிலே பணத்தின் ஆதிக்கத்தைத் தடுப்பதாகச் சட்டம் நிறைவேற்றிய அதே ஆட்சி, மார்ச் 9ஆம் நாள் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலைத் திறைசேரியிற் பணமில்லை என்று கூறி நடத்தாமல் விட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6இலேதான் நடைபெற்றது. தனியாரின் பணம் பெருகினால் தேர்தல் சந்தையாகிறது. அரசின் பணம் முடக்கப்பட்டால் தேர்தலே இல்லாமற் போகிறது. இரண்டு வழியிலும் வாக்காளனின் தலைவிதியைப் பணப்பையின் வாயே தீர்மானிக்கிறது.

அச்சட்டம் வகுத்த எல்லைதான் என்ன? 2024 சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என நிர்ணயித்தனர். 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 வாக்காளர். ஆகவே ஒவ்வோர் அபேட்சகரும் 186 கோடியே 82 இலட்சத்து 98 ஆயிரத்து 586 ரூபாய் வரை செலவிடலாம். அதே செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் எனச் சம்பளச் சபை நிர்ணயித்தது. கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமற் சேர்த்தாலும், இந்த ‘எல்லையை’ எட்டுவதற்கு அத்தொழிலாளி 4,600 ஆண்டுகள் கொழுந்து பறிக்க வேண்டும். வேலியென்று சொல்லி வானத்திலே கயிறு கட்டியிருக்கிறார்கள். கீழே யானையும் போகலாம்.

மேலும், எல்லையை வகுக்குமுன் ஆணைக்குழு கட்சிகளோடு கலந்தாலோசிக்க வேண்டும். செலவழிப்போரைக் கேட்டே செலவின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. வேட்புமனு ஏற்கப்பட்டது ஆகஸ்ட் 15இல். எல்லை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது அதன் பின்னரே. முந்திய மாதங்களிற் கூட்டங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இறைக்கப்பட்ட பணத்துக்கு அளவுகோல் ஏது? எல்லாவற்றுக்கும் மேலாக, இது சாதாரண சட்டம். நாளை வேறோர் ஆட்சி சாதாரண பெரும்பான்மையால் இதனை நீக்கலாம். 1946இன் எல்லை 1981இல் அவ்வாறுதான் மறைந்தது. ஒருமுறை நடந்தது மறுமுறை நடவாதென்பதற்கு என்ன உறுதி?

எனவேதான் யாப்பிலே எழுதவேண்டும் என்கிறோம். யாப்பு மௌனமாக இருக்குமிடத்தில் பணம் பேசும். நீதிபதிகளும் சிலவேளை அதன் குரலிலேயே பேசுவர். அமெரிக்காவைப் பாருங்கள். மக்கள் பிரதிநிதிகள் தேர்தற் செலவுக்கு எல்லை விதித்துச் சட்டமியற்றினர். செலவிடுதல் பேச்சுச் சுதந்திரத்தின் பாற்பட்டதென்று கூறி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976இலே அவ்வெல்லைகளைத் தகர்த்தது. 2010இலே கூட்டுத்தாபனங்களுக்கும் அதே சுதந்திரத்தை வழங்கிற்று. பின்னர் யாப்பையே திருத்த முற்பட்டனர். 2014 செப்டெம்பரில் செனற் சபையில் ஆதரவாக 54 வாக்குகளும் எதிராக 42 வாக்குகளும் கிடைத்தன. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 வாக்குகள் வேண்டுமாகையால் திருத்தம் அங்கேயே நின்றது. பணம் கோட்டைக்குள் புகுந்தபின் கதவைச் சாத்துவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மறுபுறத்தே செர்மனியைப் பாருங்கள். 1933 பெப்ரவரி 20இல் பெருங் கைத்தொழிலதிபர்கள் இட்லரைச் சந்தித்து, அவனது கட்சியின் தேர்தலுக்கு நிதி வழங்க உடன்பட்டனர். அந்நிதியின் விளைவை உலகம் இரத்தத்திலே கண்டது. அழிவிலிருந்து எழுந்த மேற்குச் செர்மனி 1949இல் ஆக்கிய அடிப்படைச் சட்டத்தின் 21ஆம் உறுப்புரையிலேயே, கட்சிகள் தம் நிதியின் மூலத்தைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என எழுதிற்று. பிற்காலத்தில் நிதியின் செலவையும் சொத்தையும் அவ்வுறுப்புரையிற் சேர்த்தது. மெக்சிக்கோ 2007இலே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசியல் விளம்பர நேரத்தை விலைக்கு வாங்குவதையே யாப்பினால் தடுத்தது. யாப்பில் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமென்று நாம் மயங்கவில்லை. செர்மனியின் உறுப்புரையைச் செயற்படுத்தும் சட்டம் 1967இலேதான் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஏடு உறங்கிற்று. ஆனால் உறங்கும் உறுப்புரையைத் தட்டி எழுப்பலாம்; இல்லாத உறுப்புரையை எழுப்புவது எவ்வாறு?

தமிழகத்தின் பாடம் நமக்கு இன்னும் அண்மையானது. வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டமையால் 2017இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலும் நிறுத்தப்பட்டன. அவை கண்ணுக்குத் தெரிந்த பணம். கண்ணுக்குத் தெரியாத பணத்துக்காகவே இந்திய ஒன்றிய அரசு 2017இன் நிதிச் சட்டத்தின் மூலம் தேர்தற் பத்திரத் திட்டத்துக்கு வழி வகுத்தது. கொடுப்பவர் பெயரை மக்கள் அறியாவண்ணம் கோடிகள் கைமாறின. 2024 பெப்ரவரி 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை யாப்புக்கு முரணானதென்று வீழ்த்தியபோதே திரை விலகிற்று. மிகுதியான பத்திரங்களை, அதாவது 1,368 கோடி இந்திய ரூபாவுக்கு, வாங்கியது ஒரு லொத்தர் நிறுவனம். அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்துக்குச் சென்றது. 2003 முதல் லொத்தரே தடைசெய்யப்பட்டுள்ள மாநிலத்தின் கட்சி அது! திட்டத்தினாற் பெரும் பங்கு பெற்றது பாரதிய சனதாக் கட்சி என்பது உண்மை. ஆனால் சமூகநீதி பேசும் நாவும் அதே கலத்தில் உண்டதை நாம் மறைத்தலாகாது. நோக்குக: சாதாரண சட்டம் எழுப்பிய சுவரை, குடிமகனின் அறியும் உரிமை என்ற யாப்பின் கோட்பாடே உடைத்தது.

நமது யாப்பிலும் அதற்குரிய வித்துகள் இல்லாமலில்லை. 104ஆ உறுப்புரை தேர்தற் காலத்தில் அரச சொத்தைக் கட்சிக்காகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவுக்கு அளிக்கிறது. அரசாங்க ஜீப் வண்டியைக் கட்டத் தெரிந்த யாப்புக்கு, கோடீசுவரரின் நூறு வண்டிகளைக் கட்டத் தெரியாமற் போனதேன்? 2015இன் 19ஆம் திருத்தம் சேர்த்த 14அ உறுப்புரை தகவல் அறியும் உரிமையைத் தருகிறது. அது அரச நிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. அந்நிறுவனங்களை ஆளப்போகும் கட்சிகளின் பெட்டகத்துக்குள் அது நுழைவதில்லை.

இக்கோரிக்கைக்கு எழும் மறுப்புக்கள் சிலவற்றை நோக்குவோம். பணத்தைக் கட்டினால் கருத்துச் சுதந்திரம் கெடும் என்பர் கனவான்கள். ஒருவன் நூறு ஒலிபெருக்கிகளை வைத்துக் கத்தும் சந்தியிலே மற்றவனின் சுதந்திரம் எத்தகையது? ஒலிபெருக்கியின் எண்ணிக்கையைக் குறைப்பது பேச்சைத் தடுப்பதாகாது. பிறர் பேச்சும் கேட்கச் செய்வதாகும்.

பாராளுமன்றமே முதலாளித்துவத்தின் முகமூடி, அதனைச் சீர்திருத்துவதிற் பயனென்ன என்பர் நம் தோழர் சிலர். 1838இலே இங்கிலாந்தின் சாசன இயக்கத் தொழிலாளர் முன்வைத்த ஆறு கோரிக்கைகளுள் இரண்டை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்: உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும். அத்தொழிலாளர் அறியாதவரல்லர். வறியவன் சபையேறும் படிகளை ஒவ்வொன்றாகக் கட்டவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இது சிங்களக் கட்சிகளின் சச்சரவு, தமிழருக்கு வேண்டியது அதிகாரப் பகிர்வே என்பர் வேறு சிலர். பகிர்ந்து பெறும் அதிகாரம் யார் கையிற் சேரும்? யாழ்ப்பாணத்திலாயினும் நுவரெலியாவிலாயினும் பணமுடையோரே பிரதிநிதிகளாவரெனின், எசமானின் மொழி மாறுமேயன்றி எசமான் மாறான்.

இறுதி மறுப்பே மிக ஆபத்தானது. அது நம் நண்பரிடமிருந்து வருகிறது. ‘இப்போது ஆள்பவர் நம்மவர், பணக்காரரின் கைக்கூலிகளல்லர், பிறகு சட்டம் எதற்கு?’ என்கின்றனர். 2024 நவம்பர் 14இல் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்களை மக்கள் வழங்கினர். நம்மிற் பலரும் அதற்கே வாக்களித்தோம். ஆயின், 1970ஐ நினைத்துப் பாருங்கள். அன்றும் இடதுசாரிகளைக் கொண்ட கூட்டணி மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பலத்தோடு வந்தது. கொல்வின் ஆர். டி சில்வாவைப் போன்ற மேதை யாப்பெழுதினார். நேர்மையில் அவரை எவரும் குறைகூறார். ஆனால் ‘ஆள்பவர் நாமே’ என்ற நம்பிக்கையில் 1972இன் யாப்பு அதிகாரத்தின் கட்டுக்களைத் தளர்த்திற்று. சிறுபான்மையோருக்குச் சோல்பரி யாப்பு அளித்த 29ஆம் பிரிவின் காப்பையும் கைவிட்டது. 1977இலே 168 ஆசனங்களில் 140ஐப் பெற்று வந்தவர்கள், தளர்ந்த கட்டின் வழியே வேண்டிய திசையெல்லாம் சென்றனர். நல்லவர் ஆளும்போதே கட்டவேண்டும். தீயவர் வந்தபின் கட்டுவதற்குக் கயிறும் அவர் கையிலேயே இருக்கும்.

ஆகவே நாம் கோருவன இவை. கட்சிகளும் அபேட்சகரும் தம் பணத்தின் மூலத்தையும் செலவையும், தேர்தற் காலத்தில் மட்டுமன்றி எக்காலத்தும் பகிரங்கப்படுத்தும் கடமை யாப்பில் இடம்பெறுக; 14அ உறுப்புரை கட்சிகளையும் தழுவுக. நன்கொடை வழங்கும் உரிமை வாக்காளரான மனிதருக்கே உரியதாகுக. வாக்கில்லாத கம்பனிக்கு அரசியலில் என்ன வேலை? தனிமனிதரின் நன்கொடைக்கும் உச்ச எல்லை வேண்டும். செலவின் எல்லையைக் கட்சிகளைக் கேளாமல், உழைப்பவரின் சராசரி வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு சுயாதீன ஆணைக்குழு வகுக்குக. அது வேட்புமனுவுக்கு முந்திய மாதங்களையும் உள்ளடக்குக. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரம் விற்கப்படாது சமமாகப் பகிரப்படுக. பொய்க் கணக்குக் காட்டியவர் ஆசனமிழப்பார் என்பது ஐயத்துக்கிடமின்றி எழுதப்படுக.

புதிய யாப்பு வரும்போது பார்ப்போம் என்று இதனைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. புதிய யாப்பு ஆக்குவோம் என்பது அவ்வணியே தன் விஞ்ஞாபனத்தில் அளித்த வாக்குறுதி. அது வருக. ஆனால் திருத்தமொன்றுக்கு வேண்டிய 150 கைகள் இன்றே சபையில் இருக்கின்றன. ஆசிரியர் சங்கங்களும், பேராதனை முதலாய பல்கலைக்கழகங்களின் மாணவர் ஒன்றியங்களும், தொழிற்சங்கங்களும் இதனைத் தம் தீர்மானங்களிற் சேர்த்து ஒவ்வோர் உறுப்பினரின் வாசலிலும் கேட்டல் வேண்டும்.

தொழிற்சங்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளி சங்கத்துக்குச் செலுத்தும் மாதச் சந்தா அவர் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டிலே அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வரை யாவருக்கும் தெரியும். அச்சந்தாவினால் வளர்ந்த தலைவர்கள் அதன் செலவுக் கணக்கை அவருக்குக் காட்டினரா என்பது கேட்கவேண்டிய கேள்வியே. ஆயினும் கொடுப்பவர் பக்கத்தில் இந்நாட்டிலே மிக வெளிப்படையான அரசியல் நன்கொடை அவருடையதே. பறித்த கொழுந்தை ஒவ்வொரு கிலோவாக நிறுத்துக் காட்டும் அப்பெண்ணின் நூறு, இருநூறு ரூபாய்க்குச் சீட்டு உண்டு. கொழும்பு ஹோட்டல் அறையிலே கைமாறும் கோடிக்குச் சீட்டு இல்லை.

தொழிலாளியிடம் இச்சமுதாயம் கேட்கும் கணக்கை முதலாளியிடமும் கேட்கவேண்டும். அதனை யாப்பிலே எழுதிக் கேட்கவேண்டும். நாம் வேண்டுவது அவ்வளவே. அன்று சிரித்த வகுப்பிலே அந்த மாணவனின் கேள்வி இன்னும் நிற்கிறது. 90ஆம் உறுப்புரையை அடுத்த முறை படிப்பிக்கும்போதாவது அவனுக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கு விடை சொல்ல ஆசிரியரால் இயலவேண்டும்.